தடைக்காலம் முடிந்த பிறகு யார் பார்க்கிறார்கள்?
தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் 61 நாள் மீன்பிடித் தடையை அரசு கண்டிப்பாக நடைமுறைப்படுத்துவதால் மீன்வளம் தானாக மீண்டுவிடும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள், இதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளைக் கரையில் நிறுத்துவது சரி, தேவையும்கூட. 45 நாளாக இருந்ததை 61 ஆக்கியதும் நல்லதுதான். ஆனால் அந்த இரண்டு மாதத்தில் பொரித்த குஞ்சுகள் அடுத்த சில வாரங்களிலேயே விசைப்படகுகளின் வலை மடியில் சிக்கிக் கரைக்கு வந்துவிடுகின்றனவே! எங்கள் ஊர்த் துறைமுகத்தில் ஜூலை மாதம் போய்ப் பாருங்கள். விரல் நீளம்கூட இல்லாத சங்கராக் குஞ்சுகளை மண்வெட்டியால் அள்ளி லாரியில் கொட்டிக்கொண்டிருப்பார்கள். இப்படிக் கழிவாக ஒதுக்கும் பொடி மீனுக்குக் கழசல் என்று பெயர், மீன்மாவு ஆலைக்கும் கோழித் தீவனத்துக்கும் போகிறது. நல்ல மீன் ஏலம் போகும் இடத்தில் கூட்டம் அலைமோதும், இந்தக் குவியலை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கேரளத்தில் 58 வகை மீன்களுக்குக் குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறார்கள். மத்தி 10 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் படகைப் பிடித்து அபராதம் போடுகிறார்கள். கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர் எல்லாவற்றுக்கும் மீனவர்களின் பேராசைதான் காரணம் என்கிறார், அது நியாயமில்லை. டீசல் விற்கிற விலையில் கழசல் காசு இல்லாமல் பல படகுகளுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் படகுக்காரரை மட்டும் பிடித்துப் பயனில்லை, கழசல் வாங்குகிற ஆலைகளிடம் எந்தத் துறைமுகத்திலிருந்து எத்தனை டன் வந்தது என்று அரசு மாதாமாதம் கணக்குக் கேட்க வேண்டும்.