'பதெட்டிக்' ஆறுதல் சொல்லும் சொல்லா?

'பதெட்டிக்' (pathetic) என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பரிதாபத்துக்குரிய என்று பொருள், ஆகவே துன்பத்தில் இருப்பவருக்கு எழுதும் ஆங்கிலச் செய்தியில் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். பலர் அதைப் பகிர்ந்தும் இருக்கிறீர்கள். முதல் பாதி சரி. இரண்டாம் பாதியை நம்பி யாருக்கும் எழுதிவிடாதீர்கள், மனம் புண்பட்டுப் போகும்.

கிரேக்கத்திலிருந்து வந்த இந்தச் சொல் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கியபோது, உணர்ச்சியைக் கிளறுகிற என்ற பொருளில்தான் இருந்தது. இரக்கம் என்ற பொருள் இன்றும் உண்டு. பட்டினியால் வாடும் குழந்தைகளைப் பார்த்து 'எ பதெட்டிக் சைட்' (பரிதாபமான காட்சி) என்று எழுதினால் தவறில்லை. ஆனால் அன்றாடப் பேச்சில் அது பெரும்பாலும் இளக்காரம். சொத்தையான சாக்குப்போக்கை 'எ பதெட்டிக் எக்ஸ்க்யூஸ்' என்பார்கள். நேராக ஒருவரிடம் 'யூ ஆர் பதெட்டிக்' என்றால் அது வசவேதான். வேலை போனவருக்கு 'யுவர் சிச்சுவேஷன் இஸ் பதெட்டிக்' என்று அனுப்பினால், அவர் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு. நம் ஊர் ஆங்கிலத்தில் இது சாதாரணமாகப் புழங்குவதால் நமக்கு உறைப்பதில்லை.

சந்தேகம் இருந்தால் ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் அகராதியை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பொருளோடு நிறுத்திவிடாமல், பக்கத்தில் இருக்கும் குறிப்பையும் படியுங்கள். ஒரு பொருளுக்கு முன்னால் 'டிஸ்அப்ரூவிங்' என்று போட்டிருக்கும். ஏளனத்தொனி என்பதற்கான அடையாளம் அது. எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் பாருங்கள்.

ஆறுதல் சொல்ல 'ஐ ஆம் சோ சாரி டு ஹியர் திஸ்' போதும்.