கோல்ஃப் கார்ட் விளக்குக்கு ரெடியூசர் வேண்டாமா?

கோல்ஃப் கார்ட்டின் மொத்த பேட்டரி வோல்டேஜை விளக்குக்கு ஏற்ற 12 வோல்ட்டாகக் குறைக்கும் கருவிதான் வோல்டேஜ் ரெடியூசர். “விளக்கு 12 வோல்ட்தானே, வோல்டேஜ் ரெடியூசர் வீண் செலவு; இரண்டு பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்தால் போதும்” என்று ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு. விளக்கு எரியும் என்பதால்தான் பலரும் நம்பிவிடுகிறார்கள்.

36 வோல்ட் கார்ட்டில் ஆறு 6 வோல்ட் பேட்டரிகள் தொடராக இருக்கும். இரண்டில் மட்டும் விளக்கை இணைத்தால் அவை மட்டும் கூடுதலாக இறங்கும். சார்ஜரோ மொத்த வரிசையையும் ஒன்றாகப் பார்த்துத்தான் சார்ஜ் ஏற்றும். அதனால் அந்த இரண்டும் முழுதாக நிரம்பாது. மற்றவை அளவுக்கு மீறி சார்ஜ் ஆகிச் சூடாகும். நாளடைவில் தகடுகளில் சல்பேட் படிந்து, அந்த இரண்டும் முதலில் செத்துப்போகும். 8 வோல்ட் பேட்டரிகள் என்றால் இன்னும் மோசம்: இரண்டு சேர்ந்தால் 16 வோல்ட், பல்பே சீக்கிரம் போய்விடும்.

ரெடியூசரின் உள்ளீட்டை முழு வரிசையின் பாசிட்டிவ், நெகட்டிவ் இரு முனைகளிலும் கொடுங்கள். சுமை எல்லாப் பேட்டரிக்கும் சமமாகப் போகும். பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் கட்டாயம்.

சந்தேகமா? ஏற்கெனவே அப்படி இணைத்த வண்டியில், விளக்கைச் சில நாள் பயன்படுத்தியபின் மல்டிமீட்டரால் ஒவ்வொரு பேட்டரியையும் அளந்து பாருங்கள், வித்தியாசம் தெரியும். வண்டியின் கையேட்டையும் பாருங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.