குரல்தான் இரவல்

ஞாயிற்றுக்கிழமை 'கோல்ட்ஃபிங்கர்' என்கிற ஜேம்ஸ் பாண்ட் படத்தின் திரையிடல் முடிந்ததும் என்ன பேச்சு நடந்தது என்று வந்திருந்தவர்களுக்குத் தெரியும். மூன்று நாளாகியும் மனசு ஆறவில்லை. அதில் வில்லனாக நடித்த ஜெர்மன் நடிகரைப் பற்றித்தான் பேச்சு. "கெர்ட் ஃப்ரோபேவுக்கு என்ன பெருமை? பேசினதே அவர் இல்லையே!" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

உண்மைதான். 1964-இல் வந்த 'கோல்ட்ஃபிங்கர்' ஆங்கிலப் படத்தில் அவருக்குக் குரல் கொடுத்தவர் மைக்கேல் காலின்ஸ். ஃப்ரோபேவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. சரி, அந்த முகம் யாருடையது? தங்கத்தைப் பார்க்கும்போது கண்ணில் தெரிகிற பசி யாருடையது? குரல்தான் இரவல், நடிப்பு இரவல் இல்லை. ஜெர்மன் பதிப்பில் அவரேதான் பேசியிருக்கிறார். அதைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

1948-இல் வந்த 'பெர்லினர் பல்லாடே' படத்தில், இடிந்து கிடக்கும் பெர்லினுக்குப் போரிலிருந்து திரும்புகிறவர் அவர். எலும்பும் தோலுமாக இருப்பார். கோல்ட்ஃபிங்கராக வந்த அந்தப் பருத்த மனிதர்தான் இவர் என்றால் நம்ப முடியாது. அதில் அவர் பெயர் ஓட்டோ நார்மால்ஃபெர்ப்ராவ்கர். இன்றைக்கும் ஜெர்மனியில் சாமானிய மனிதனுக்கு அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள். பத்து வருஷம் கழித்து, ஒரு படத்தில் குழந்தைகளைக் கொல்கிறவனாக வந்தார். காட்டில் கைப்பொம்மையை ஆட்டி ஒரு சிறுமிக்கு விளையாட்டுக் காட்டுவார். அந்தக் காட்சி முடியும்வரை எனக்கு மூச்சே வரவில்லை. இதற்கும் இரவல் குரலா காரணம்?

"நாஜிக் கட்சியில் இருந்தவர்தானே?" என்று யாராவது கட்டாயம் கேட்பீர்கள். இருந்தார். 1929-இல், பதினாறு வயதில் சேர்ந்தார், 1937-இல் விலகினார். இது வெளியே தெரிந்ததும் இஸ்ரேல் அவர் படத்தைத் தடை செய்தது. அப்புறம் மாரியோ புளூமெனாவ் என்கிற யூதர் தாமாகவே முன்வந்து, தன்னையும் தன் தாயையும் ஒளித்துவைத்துக் காப்பாற்றியவர் ஃப்ரோபேதான் என்று சொன்னார். தடை நீங்கியது. காப்பாற்றப்பட்டவரே சொன்ன பிறகு எனக்கு வேறு யார் சொல்லும் வேண்டாம்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம்? ஜெர்மனிக்கு வேலைக்குப் போன புதிதில், ஆறு மாதம் உழைத்து ஒரு திட்டம் தயாரித்தேன். கூட்டத்துக்கு முந்தின நாள், என் உச்சரிப்பு புரியாது என்று சொல்லி வேறொருவரைப் பேச வைத்தார்கள். என் கணக்கு, என் வரைபடங்கள், அவர் வாய். கைதட்டல் அவருக்கு. கடைசி வரிசையில் உட்கார்ந்து நானும் தட்டினேன். ராத்திரி அம்மா போனில் கேட்டபோது, "நல்லா போச்சும்மா" என்றேன்.

ஞாயிறன்று சிரித்தவர்களில் இந்தக் கதை தெரிந்த நண்பர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அடுத்த மாதம் ஜெர்மன் பதிப்பைப் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர்கள் இருவரும் வர வேண்டும்.