ஏழெட்டுப் பேர் கடையானாலும் புகார் கொடுக்கலாம்

அண்ணா, வேலையிடத்தில் பாலியல் தொல்லைக்கு ஆளான பொண்ணைப் பற்றி, "திருப்பாதிரிப்புலியூர் ஜவுளிக்கடையில ஏழெட்டுப் பேர்தான், அங்க விசாகா கமிட்டி சட்டம் செல்லாது, அந்தப் பொண்ணு வேலையை விட்டுட்டுப் போறதுதான் வழி" என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. கடைக்குள்ளேயே புகார்களை விசாரிக்கும் குழு வைக்கும் கட்டாயம்தான் 10 பேர் இருந்தால் வருவது. விசாகா கமிட்டி சட்டம் என்று நீங்கள் சொல்லும், வேலையிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டமோ ஒரே ஒருத்தி வேலை பார்க்கும் இடத்துக்கும் பொருந்தும், வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கும் சேர்த்து. அவர்களுக்காகத்தான் மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழு. தொல்லை கொடுப்பவர் முதலாளியே என்றால், கடை எவ்வளவு பெரிதானாலும் அந்தக் குழுவிடம் போகலாம்.

நாள் கணக்கு ரொம்ப முக்கியம். 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தொல்லை தொடர்ந்திருந்தால் கடைசியாக நடந்த நாளிலிருந்து எண்ணலாம். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் வரை நீட்டிக்கும். எழுத முடியாதவருக்கு எழுத உதவுவதும் குழுவின் கடமை, சட்டத்திலேயே இருக்கிறது. போலீசுக்கும் தனியாகப் போகலாம்.

கடலூரில் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள். உங்களை நம்பி அந்தப் பொண்ணு 3 மாதத்தைக் கடத்திவிடக் கூடாது, தயவுசெய்து இன்றைக்கே திருத்திப் போடுங்கள்.