ஃபியூஸ் பேட்டரி பக்கத்திலேயே இருக்கட்டும்

உங்கள் பதிவில், பழைய ஜீப்பில் எஞ்சினோடு சுழலும் விசிறியைக் கழற்றிவிட்டு மின்விசிறி பொருத்துவதை நன்றாக விளக்கியிருக்கிறீர்கள். ஆனால் டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியாகவே விசிறிக்கு நேராக மின்சாரம் கொடுக்கலாம் என்ற வரியைத் தயவுசெய்து திருத்துங்கள். பெரிய விசிறி ஓடும்போதே 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், சுழலத் தொடங்கும் நொடியில் இன்னும் பல மடங்கு. சாதாரண ஸ்விட்ச் சூடாகி உருகிவிடும். ரிலே (சிறிய மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) கட்டாயம் வேண்டும். அதன் முனைகளில் எண் இருக்கும்: 30இல் பேட்டரி, 87இல் விசிறி, 85, 86 இரண்டும் ரிலேயை இயக்கும் காயிலுக்கு (கம்பிச் சுருளுக்கு). இரண்டு விசிறி என்றால் ரிலேயும் ஃபியூஸும் தனித்தனியாக. ஒன்று போனாலும் மற்றது ஓடும்.

ஃபியூஸ் காப்பாற்றுவது வயரைத்தான். அதனால் அது பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். என் வண்டியில் முன்பு யாரோ அதை விசிறிப் பக்கம் வைத்திருந்தார்கள். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் வயர் சேஸிஸில் (வண்டியின் இரும்புச் சட்டத்தில்) உரசித் தோல் கிழிந்து, புகை வந்த பிறகுதான் தெரிந்தது. ஃபியூஸ் அப்படியே முழுசாக இருந்தது! வயர் தகரத்தைக் கடக்கும் இடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள். எர்த் இணைப்புக்குப் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு முறுக்குங்கள்.

அப்புறம், ஆழமான தண்ணீரில் இறங்குவதற்கு முன் விசிறியை நிறுத்த ஒரு தனி ஸ்விட்ச் அவசியம். ஓடும் இறக்கை தண்ணீரில் வளைந்து ரேடியேட்டரைக் கிழித்துவிடும். இந்த ஸ்விட்ச் ரிலேயின் காயிலுக்குப் போகும் வயரில் இருந்தால் போதும். கரையேறியதும் மறக்காமல் திரும்பப் போடுங்கள்.