உளச்சிகிச்சை உடல்நோவைக் கேட்பதிலிருந்து தொடங்கட்டும்

சீனப் பின்னணி கொண்டவர்களுக்கு உளச்சிகிச்சை அளிப்பது பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், படிவங்களைச் சீனத்தில் அச்சிட்டு, அம்மொழி அறிந்த ஓர் ஆலோசகரை அமர்த்திவிட்டால் போதும் என்ற எண்ணமே மேலோங்கி நிற்கிறது. இரண்டும் தேவைதான். ஆயினும், வந்தவர் மறுமுறையும் வருவாரா என்பது, முதல் சந்திப்பில் அவர் சொல்லும் நோவை நாம் எப்படி எதிர்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தே அமைகிறது என்று உறுதியாகக் கருதுகிறேன்.

1980இல் சீனாவின் ஹூனான் மாகாணத்திலுள்ள சாங்ஷா நகரில், நரம்புத் தளர்ச்சி நோய் என்று மருத்துவர்களால் குறிக்கப்பட்ட 100 பேரை அமெரிக்க உளமருத்துவர் ஆர்தர் கிளைன்மன் ஆராய்ந்தார். அமெரிக்க அளவுகோலின்படி அவர்களில் 87 பேருக்குக் கடும் மனச்சோர்வு இருந்தது. அவர்கள் முறையிட்டதோ தலைவலி, தூக்கமின்மை, அசதி ஆகியவற்றைப் பற்றி. இதைக் கொண்டு, சீனர்களுக்கு மனத்துயரைச் சொல்லத் தெரியாது என்று முடிவுகட்டுவது அநியாயம். மாவோ தொடங்கிய அரசியல் களையெடுப்பான பண்பாட்டுப் புரட்சி ஓய்ந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. மனம் சோர்ந்திருப்பதே அரசியல் பிழையாகப் பார்க்கப்பட்ட சூழலிலிருந்து வந்தவர்களுக்கு, தலைவலி என்பது அச்சமின்றிச் சொல்லக்கூடிய துயரமாக இருந்தது.

பாஸ்டன் நகரில் சீனக் குடியேறிகளிடையே பணியாற்றிய உளமருத்துவர் ஆல்பர்ட் யூங், முதல் நேர்காணலையே மாற்றியமைத்தார். இந்த நோவுக்கு நீங்கள் என்ன பெயர் சொல்கிறீர்கள், எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், வீட்டார் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு, நோயாளி தரும் விளக்கத்தின் மீதே மருத்துவ விளக்கத்தை எழுப்புகிறது அம்முறை. நெஞ்சு அடைக்கிறது, இரவில் தூக்கமே இல்லை என்று சொல்லும் ஒரு மூதாட்டியிடம், "அதெல்லாம் இருக்கட்டும், மனத்தில் என்ன கவலை?" என்று கேட்பவர், அவர் கொண்டுவந்த வழக்கையே தள்ளுபடி செய்துவிடுகிறார். தூக்கத்தைப் பற்றியே அரைமணி நேரம் பேசினால், மகன் வேறு ஊருக்குப் போனதும் வீட்டுச் சண்டையும் தாமாகவே பேச்சில் வந்து சேரும்.

குடும்பம் பற்றிய அறிவுரையிலும் இதே கவனம் வேண்டும். தந்தையிடம் மறுத்துப் பேசிப் பழகுங்கள் என்று ஓர் இளைஞருக்குப் பயிற்சி கொடுத்து அனுப்பினால், அதன் விளைவை இரவுச் சாப்பாட்டு மேசையில் அவர்தான் தனியாகச் சந்திக்க வேண்டும். பெற்றோரின் மதிப்புக் குறையாமல் தன் விருப்பத்தைச் சொல்லும் வழியை ஆலோசகர் அவருடன் சேர்ந்து தேட வேண்டும்.

ஹூனானில் ஷாங் யாலின் முதலானோர் உருவாக்கிய தாவோயிச அறிவாற்றல் சிகிச்சை, பழஞ்சீனத் தத்துவமான தாவோ கூறும் அளவறிந்து நிறுத்துதல், மென்மையால் வன்மையை வெல்லுதல் போன்ற நெறிகளையே கருவியாகக் கொண்டது. பதற்ற நோயாளிகள் 143 பேரிடம் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், மாத்திரை விரைவில் பலன் தந்து பின்னர் வலுவிழந்தது. இச்சிகிச்சையின் பலன் மெதுவாக வந்தாலும் ஆறு மாதம் கழித்தும் நின்றது. இதற்காகச் சீன முகம் கண்டதும் தாவோவை எடுத்து நீட்டுவது முறையாகாது. தேவாலயத்துக்குப் போகும் ஹாங்காங் குடும்பமும் பாஸ்டனிலேயே பிறந்து வளர்ந்த மாணவியும் சீனர்களே. அவரவர் எதை நம்புகிறார் என்பதைக் கேட்டே அறிய வேண்டும்.

வெய்-சின் ஹ்வாங் 2015இல் வெளியிட்ட ஆய்வு, மனச்சோர்வுற்ற 50 சீன அமெரிக்கர்களிடம் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் வழக்கமான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையும் அதைப் பண்பாட்டுக்கேற்ப மாற்றிய வடிவத்தையும் ஒப்பிட்டது. மாற்றிய வடிவம் நோய்க்குறிகளைக் கூடுதலாகத் தணித்தது. ஆனால் 12 அமர்வுகளுக்குப் பிறகும் பெரும்பாலோர் முழுமையாகக் குணமடையவில்லை. ஆகவே, பண்பாட்டுக்கேற்ற சிகிச்சை வழங்குவதாகச் சொல்லும் நிலையங்கள் 12 அமர்வுகளோடு சிகிச்சையை முடித்துவிடாமல், தேவைப்படுவோருக்குக் கூடுதல் அமர்வுகளுக்கான நிதியையும் ஒதுக்க வேண்டும்.