கஃப்காவைக் கந்தோர் வரிசையில் நிற்பாட்டாதேயுங்கோ

பிரதேச செயலகத்தில் சாப்பாட்டு நேரத்துக்கு யன்னலைச் சாத்தினால் "கஃப்காத்தனமான நிர்வாகம்". ரியூசன் கொட்டிலில் கமரா பூட்டினால் "ஓர்வெல்லியக் கண்காணிப்பு". பஸ் நிலையத்தில் கச்சான் விற்கிற பொடியனைப் படம் எடுத்துப் போட்டு, கீழே "டிக்கன்சிய வறுமை". கஃப்கா, ஓர்வெல், டிக்கன்ஸ் என்ற மூன்று நாவலாசிரியர்களின் பெயரில் செய்த சொற்கள் இவ்வளவையும் ஒரே கிழமைக்குள் வாசிக்க வேண்டிக் கிடக்கிறது. எழுதுகிறவர்கள் படித்தவர்கள். அதுதான் வயிற்றெரிச்சல்.

முதலில் கஃப்கா. அடையாள அட்டையில் கந்தையா, பிறப்புச் சான்றிதழில் கந்தையாபிள்ளை. கந்தோரில் ஏற்க மாட்டோம் என்கிறார்கள். விதானையாரிடம் கடிதம், சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி, பிரதிகள், திரும்பவும் வரிசை. இரண்டு மூன்று நாள் வேலை கெடும். கோபம் வரத்தான் வேண்டும். ஆனால் என்ன குறை என்று சொல்லியிருக்கிறார்கள், எதைக் கொண்டுவந்தால் தீரும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். இதற்குப் பெயர் அலைக்கழிப்பு. வேணுமென்று செய்தால் இழுத்தடிப்பு. இரண்டு கந்தோர்கள் ஒன்றையொன்று சாட்டினால் பந்தாடுதல். ஒருவரும் பொறுப்பேற்காமல் கோப்பு நடுவில் தொங்கினால் திரிசங்கு நிலை. நாலும் நாலு வேறு நோய், நாலுக்கும் மருந்து வேறு. எல்லாவற்றையும் "கஃப்கா" என்று ஒரே போர்வையால் மூடிவிட்டால், மேலிடத்துக்கு முறைப்பாடு எழுதும்போது எந்த உத்தியோகத்தர் எதைச் செய்யாமல் விட்டார் என்று எழுத ஒரு வரியும் மிஞ்சாது.

கஃப்காவின் 'விசாரணை' நாவலில் நடப்பது வேறு. கதாநாயகன் யோசப் கே.யின் முப்பதாவது பிறந்தநாள் காலையில் வீட்டுக்கு வந்து கைது என்கிறார்கள். என்ன குற்றம் என்று கடைசிவரை ஒருவரும் சொல்லவில்லை. தீர்ப்புச் சொல்கிற பெரிய நீதிபதியை அவன் ஒருநாளும் காணவில்லை. முப்பத்தோராவது பிறந்தநாளுக்கு முதல் நாள் இரவு அவனைக் கூட்டிக்கொண்டு போய்க் கொல்கிறார்கள். அதைவிடக் கொடுமை, இடையில் அவனே அந்த வழக்குக்குள் இழுபட்டு, தானாகவே ஓடித் திரிகிறான். குற்றம் தெரியாது, தீர்மானிக்கிறவன் கைக்கு எட்டமாட்டான், அகப்பட்டவனே அந்த இயந்திரத்துக்கு எண்ணெய் விடுகிறான். இந்த மூன்றும் சேர்ந்தால் அந்தப் பெயரை எடுங்கோ.

இங்கே அது இல்லையா? இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம். குற்றப்பத்திரிகை இல்லாமலே அமைச்சரின் ஆணையில் மும்மூன்று மாதமாக நீட்டி 18 மாதம் வரை ஒருவரை அடைத்து வைக்கலாம் என்று இருந்தது. 2022இல்தான் அதை 12 ஆகக் குறைத்தார்கள். உதவிப் பொலிஸ் அத்தியட்சருக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகும். வற்புறுத்தி வாங்கியது என்று நிரூபிக்கிற பாரம் உள்ளே கிடப்பவன் தலையில். தங்களுக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதின தாளில் கையெழுத்து வைத்த பிள்ளைகள் எத்தனை பேர்! அந்தக் கையெழுத்துக்கு வைத்திருக்க வேண்டிய சொல்லைச் சாப்பாட்டு நேர யன்னலுக்குச் செலவழித்தால், அந்தப் பிள்ளையின் தாய்க்கு என்ன சொல்லைக் கொடுக்கப் போகிறீர்கள்?

சொல்லைக் கட்டுகிற விதமும் பிழை. தமிழில் ஆளின் பெயரோடு 'இய' சேர்ந்தால் அந்த ஆளின் கொள்கைவழி நிற்பது என்று பொருள்படும்: காந்திய வழி, மார்க்சியப் பார்வை, பெரியாரிய இயக்கம். அப்போது 'ஓர்வெல்லிய அரசு' என்றால்? ஓர்வெல் சொன்னபடி நடக்கிற அரசு என்றுதான் நூலை அறியாத ஆளுக்கு விளங்கும். அந்த மனிசன் வாழ்நாள் முழுக்க எதிர்த்ததை அவர் தலையிலேயே கட்டிவிடுகிறீர்கள்.

'த்தனம்' இன்னும் மோசம். புத்திசாலித்தனம் போல ஒன்றிரண்டைத் தவிர, கஞ்சத்தனம், கள்ளத்தனம், குரங்குத்தனம் என்று பெரும்பாலும் குணக்கேட்டைத்தான் அது சொல்லும். கஃப்காவுக்கு என்ன குணக்கேடு? 1908 தொடக்கம் 1922 வரை பிராக் நகரில் தொழிலாளர் விபத்துக் காப்புறுதி நிறுவனத்தில் வேலை செய்தவர். மரம் சீவுகிற இயந்திரத்தில் சதுரத் தண்டு இருந்தால் விரல் போகும், உருளைத் தண்டு போட்டால் ஆபத்து குறையும் என்று 1910இல் படம் போட்டு விளக்கி எழுதினவர். கந்தோரில் இருந்துகொண்டு தச்சனின் விரலைக் காப்பாற்றப் பாடுபட்ட உத்தியோகத்தரின் பெயரை, வேலை செய்யாத கந்தோருக்கு வைப்பது அநியாயம். பெயர் கட்டாயம் வேண்டுமென்றால் பெயரெச்சம் இருக்கிறதே! 'ஓர்வெல் எச்சரித்த மொழி', 'கஃப்கா எழுதின விசாரணை'. எழுத்தாளன் எந்தப் பக்கம் நின்றான் என்பது அந்த வினைச்சொல்லிலேயே வந்துவிடும்.

ஓர்வெல் என்றால் கமரா என்று யார் சொல்லிக்கொடுத்தது? அவரின் '1984' நாவலில் ஆட்களை வேவு பார்க்கிற தொலைத்திரை இருக்கிறது, உண்மை. ஆனால் கதாநாயகன் வின்ஸ்டனின் வேலை என்ன? பழைய பத்திரிகைச் செய்தியைத் திருத்தி எழுதிவிட்டு, பழைய பிரதியைச் சுவரில் இருக்கிற துவாரத்துக்குள் போட்டு எரியவிடுவது. 1946இல் எழுதின கட்டுரையில் ஓர்வெல் பச்சையாகவே சொல்கிறார்: ஊருக்குக் குண்டு போட்டுவிட்டு அதற்கு 'அமைதிப்படுத்தல்' என்று பெயர் வைக்கிறார்கள் என்று. அவர் கண் முழுக்கச் சொல்லில் இருந்தது.

அந்தக் கண்ணால் எங்கள் பக்கத்தைப் பாருங்கோ. 2009இல் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட சனத்தை முட்கம்பிக்குள் வைத்து, மாதக்கணக்காக வெளியே போக விடாமல் மறித்த இடத்துக்கு 'நலன்புரி நிலையம்' என்று பெயர். இந்த மொழிபெயர்ப்பு தமிழில்தான் நடந்தது, தமிழ்ப் பத்திரிகைகளும் அப்படியே அச்சடித்தன. 1981இல் ஏறக்குறைய 97,000 நூல்களோடு யாழ் பொது நூலகத்தை எரித்தார்கள். அதை 'நூலகம் எரிந்த சம்பவம்' என்று எழுதிப் பாருங்கோ. எரித்தது எரிந்தது ஆகிறது. பிறவினை தன்வினையாக மாறின அந்த ஒரு எழுத்தில், நெருப்பு வைத்த கை மறைந்துபோகிறது. 'காணாமல் போனோர்' என்று கந்தோர்ப் பலகை சொல்லும்போது 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று எழுதச் சொல்லித் தெருவோரம் வருடக்கணக்காகக் குந்தியிருக்கிற தாய்மார் சண்டை பிடிப்பதும் இதற்காகத்தான். அவர்களில் எத்தனை பேர் ஓர்வெல்லை வாசித்திருப்பார்கள்? ஆனால் ஓர்வெல் சொன்னது அவர்களுக்குத்தான் விளங்கியிருக்கிறது, ரியூசன் கமராவுக்கு அவர் பெயரைச் சூட்டுகிறவர்களுக்கு அல்ல.

டிக்கன்ஸ். வறுமை என்றதும் இவர்தானாம். 1824இல் தகப்பன் கடன்காரச் சிறையில் இருக்க, 12 வயதில் சப்பாத்து மைப் போத்தலுக்கு லேபல் ஒட்டினவர் என்பதால் அந்தப் பொருத்தம் முழுப் பிழை இல்லை. ஆனால் அவர் 1852-53இல் தொடராக எழுதின 'பிளீக் ஹவுஸ்' நாவலில் ஒரு சொத்து வழக்கு தலைமுறை தலைமுறையாக இழுபட்டு, கடைசியில் செலவு முழுச் சொத்தையும் விழுங்கினதால் முடிகிறது. அதை யாழ்ப்பாணத்தில் ஒருவரும் கண்டுகொள்ளவில்லையே!

இரண்டு பரப்பு வளவு. ஒருவருக்கு 1/12 பங்கு, இன்னொருவருக்கு 1/96 பங்கு. 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பிரிவினை வழக்குப் போட்டால் பங்காளிகள் அத்தனை பேரையும் சேர்க்க வேண்டும், கனடாவில் இருப்பவரையும் சேர்த்து. வழக்கு நிலுவையைக் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். நில அளவையாளருக்கு ஆணை, வரைபடம், உறுதிகளைக் காட்டி உரித்து விசாரணை, இடைக்காலத் தீர்ப்பாணை, திரும்பவும் அளவை, பிறகுதான் இறுதி ஆணை. நடுவில் ஒரு பங்காளி செத்தால் அவரின் பிள்ளைகளைப் பிரதியீடு செய்யவேணும். அவர்களில் ஒருவர் செத்தால் திரும்பவும் அதே வேலை. வேலியும் கிணறும் பாழாய்ப் போகும், வழக்குப் போட்டவரின் படத்துக்கு மாலை விழும், வழக்கு மட்டும் தவணை தவணையாய் உயிரோடு இருக்கும். டிக்கன்ஸைக் கூப்பிட வேண்டிய இடம் இதுதான். கச்சான் விற்கிற பொடியனுக்கு வேண்டியது உரிச்சொல் இல்லை, பள்ளிக்கூடம்.

கண்டிப்பான வாத்தியாரை 'சாடிஸ்ட்' என்கிறீர்களே, அதுவும் ஒரு நாவலாசிரியரின் பெயர்தான். 1814இல் செத்த பிரெஞ்சுக்காரர் சாட். மற்றவனை வதைத்து அதில் இன்பம் காண்பதற்கு வைத்த பெயர். வீட்டுப்பாடம் அதிகமாகத் தந்தவருக்கு அது பொருந்தாது.

நாவலாசிரியன் பெயரில் ஒரு சொல் இல்லாமல் எழுத வராதென்றால், கே. டானியல் என்று ஒருவர் இந்த மண்ணின் சாதிக் கொடுமையை எழுதிவிட்டுப் போயிருக்கிறார். தேத்தண்ணிக் கடையில் வேறு பாத்திரம், கிணற்றில் அள்ள விடாத கை, சாத்தின கோயில் கதவு, எல்லாம் 'பஞ்சமர்' எழுதினவரின் பக்கங்களில் கிடக்கிறது. 'டானியல் காட்டின கிணறு' என்று ஒரு பதிவிலாவது எழுதுங்கோ. அந்தக் கிணறு எந்த ஊரில், இப்போது யார் அள்ளுகிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கோ.